கார்த்திகையில் இறுகிய கதவை இப்போதே இழைக்கலாமா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் தாத்தா கட்டிய வீடு, கோயம்புத்தூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் ஊர். இரண்டு வருடமாக ஆசைக்கு மரவேலை பழகும் ஒரு தம்பி மூன்று விஷயம் கேட்டிருந்தார். முகப்புக் கதவு இந்தக் கார்த்திகை மழையில் இறுகிவிட்டது, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கிறது, விளிம்பை இழைத்துவிடலாமா? அரக்கு பாலிஷ் போட்ட முக்காலி மறுநாளே வெள்ளை பூத்துவிட்டதே, ஏன்? பொங்கல் வரை வரும் சனி ஞாயிறுகளில் வீட்டு ரிப்பேரில் எதை எடுக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்?

தம்பி, கதவை இழைக்காதீர்கள். இந்த மழை விட்டு, மார்கழிப் பனியும் விலகி, வெயில் ஏறி ஒரு மாதம் ஆகும்வரை அதன் விளிம்பில் இழைப்புளி படக்கூடாது. நான் கோட்டையூர்க்காரன். பிழைப்பு வங்கியில், மரவேலை பதினெட்டு வருடமாக விடுமுறை நாள்களில் மட்டும். உங்களைப் போலவே ஒரு பழைய வீட்டைக் கைவிடக் கூடாது என்றுதான் உளியை எடுத்தேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நின்றால் மரம் தனக்குள் 12 சதவீத ஈரத்தோடு அடங்கிவிடும். அடைமழையில் காற்றின் ஈரம் 85-க்கு ஏறி வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால், மரத்தின் ஈரம் 17, 18 வரை போகும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாக அசையும். ஆனாலும் வளையத்தின் போக்கிலேயே அறுத்த பலகையாக இருந்தால், ஈரம் ஒரு சதவீதம் ஏறும்போது அகலம் சுமார் 0.2 சதவீதம் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 4 சதவீதம் ஏறினால் ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 8. வளையத்துக்குக் குறுக்காக அறுத்த பலகை என்றால் இதில் பாதி. சட்டம் கோத்து நடுவில் தனிப்பலகை செருகிய கதவு என்றால் இன்னும் குறைவு, ஏனென்றால் நடுப்பலகை காடிக்குள்ளேயே, அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே, உப்பிக்கொள்ளும், சட்டங்கள் மட்டும்தான் வெளியே தள்ளும்.

இந்தக் கணக்கு தெரியாமல் 2009 கார்த்திகையில் எங்கள் இரண்டாங்கட்டுக் கதவை நான் இழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சுருள் சுருளாகச் சீவி, சாயங்காலம் கதவு ஒரு விரலில் தள்ளினால் திறக்கும்படி ஆக்கினேன். அப்பத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சித்திரையில் வேறு வேலைக்கு வந்த ஆசாரி அந்தக் கதவைச் சாத்திப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டு கதவுக்கும் நடுவே விட்டார். பென்சில் முழுசாக உள்ளே போய் அந்தப் பக்கம் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து எடுத்து மறுபடி காதில் வைத்துக்கொண்டார். அந்த இடைவெளிக்கு நான் பிறகு ஒரு தேக்குச் சட்டத்தை ஒட்டினேன். பழைய பர்மா தேக்கின் நிறம் இன்றைய தேக்கில் வராது. எத்தனை எண்ணெய் ஏற்றினாலும் அந்த ஒட்டு தனியாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தாத்தா காலத்திலிருந்து எத்தனையோ கார்த்திகை கண்ட கதவு அது. இத்தனை மழையிலும் திறந்து மூடிய கதவு இந்த வருடம் இறுகுகிறது என்றால், மரம் மாறவில்லை, அதைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்க மழைக்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. பொங்கல் வரை உங்கள் சனி ஞாயிறுகளைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், வெட்டுவதற்கு வேண்டாம்.

கதவிலிருந்தே தொடங்குங்கள். விளிம்பு முழுக்க வண்ணச் சாக்பீஸைத் தடவி, கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். எங்கே தேய்கிறதோ அங்கே நிலையில் நிறம் ஒட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒட்டியிருந்தால் உப்பல். மேல்மூலையில் மட்டும், அல்லது கீழே தரையில் மட்டும் தேய்ந்திருந்தால் அது உப்பல் இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய கதவுகளில் பல கீலில் நிற்பவை அல்ல, குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீட்டிய முளையில், சுழல்பவை. கீழ்க்குடுமி நூறு வருடம் சுழன்று சுழன்று குழியில் தேய்ந்து ஒரு நூல் இறங்கினாலே கதவின் அடி தரையில் தேயும். அதற்கு மருந்து குழியில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்துக் கதவை உயர்த்துவது. கனமான கதவை இரண்டு ஆள் இல்லாமல் குடுமியிலிருந்து எடுக்க முயலாதீர்கள். கீல் கதவாக இருந்தால் மேல் கீலின் திருகாணிகளை முதலில் பாருங்கள். திருகாணி சும்மா சுற்றினால் அதைக் கழற்றி, துளையில் தேக்குக் குச்சியைச் சீவிப் பசை தடவி அடித்து, மறுநாள் அதே திருகாணியை ஏற்றுங்கள். பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும், ஒரு சுருள் மரம்கூடப் போகாது.

அடுத்து பெயின்ட். பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் அடித்த வீடுகளில் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வரை பெயின்ட்டே ஏறியிருக்கும். அதைச் சுரண்டினாலே கதவுக்கு மூச்சு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் போகும், குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், கீழே சாக்கு விரித்து அதோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை வளவு, அதாவது நடு முற்றம், அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தேய்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள். இப்போதைக்கு அந்த இடத்தில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் இந்த மழையை ஓட்டிவிடலாம். கதவின் மேல்முகத்தையும் அடிமுகத்தையும் கையால் தடவிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று பாலிஷ் இருக்கும், அந்த இரண்டு முகமும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். நார் முடிகிற இடம் அதுதான், ஈரம் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக அங்கேதான் ஏறும். அதை அடைக்கும் வேலை மாசிக்கு.

இனி எல்லாவற்றிலும் பெரிய விஷயம், நிலையின் அடி. நான் பார்த்த செட்டிநாட்டு வீடுகளில் மரம் கெட்ட இடம் முக்காலும் இதுதான். நம் சுவர்கள் சுண்ணாம்புச் சுவர்கள். மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அந்தப் போக்குவரத்து தடைபடாதவரை நிலைக்கட்டைக்கு ஆபத்தில்லை. காரை உதிர்ந்த இடத்தில் யாராவது சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் சுவரின் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் பக்கத்தில் இருக்கும் மரத்துக்குள் போகும். வெளியே பார்க்க சுத்தமாக, உறுதியாக இருக்கும். உள்ளே நிலையின் அடி ஊறி, கறுத்து, கடைசியில் விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். உங்கள் கதவு இந்த வருடம் புதிதாக இறுகியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் முகப்புப் பக்கம் சிமெண்ட் பூச்சு நடந்ததா என்று வீட்டில் கேளுங்கள். ஒரு மெல்லிய திருப்புளியை எடுத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை நிலையை அங்கங்கே குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த கட்டையில் முனை ஏறாது, கையில் ஒரு கெட்டியான எதிர்ப்புத் தெரியும். ஊறிய கட்டையில் வெண்ணெயில் போவதுபோல் போகும். போனால் அந்த சிமெண்டைத்தான் முதலில் கொத்தி எடுக்க வேண்டும். மரத்துக்கு ஒட்டுப் போடுவது அது காய்ந்த பிறகு.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே கூரையைப் பாருங்கள். மேலே ஏறச் சொல்லவில்லை. பாசி பிடித்த நாட்டு ஓட்டில் ஈரத்தில் கால் வைக்கவே கூடாது. உள்ளேயிருந்து, பகலில், டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் ஓடு உடைந்த இடத்திலேயே சொட்டாது. ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் ஓரமாகவே ஓடி வந்து நாலடி தள்ளிச் சொட்டும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஈரக்கோட்டைத் தொடர்ந்து போய், அது தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸ் குறி போடுங்கள். வளவைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்துக் கைமரங்களின் நுனிகளையும் பாருங்கள், ஓட்டுத் தண்ணீர் வந்து அடிப்பது அங்கேதான். வளவில் விழுந்த தண்ணீர் போகும் வழியில் குப்பை அடைத்திருக்கிறதா என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். ஓடு மாற்றும் ஆள் தையில் வரும்போது, எங்கே என்று அவருக்குக் கை நீட்டிக் காட்ட முடிந்தால் பாதிக் கூலி மிச்சம்.

கரையான் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை தொடங்கியதும் ஈசல் பறந்திருக்கும். ஈசல் வீட்டுக்குள்ளேயே தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ கிளம்பியிருந்தால், புற்று பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நிலையோரம், அலமாரிக்குப் பின்னால், சுவாமி அறையில் மண்கோடு தெரிந்தால் உடனே துடைக்காதீர்கள். நடுவில் ஒரு விரல் நீளம் உடைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்கு மருந்து வைப்பதைத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். பழைய தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வைரத்தைச் சுற்றியிருக்கும் இளமரமான வெளிறையும், பின்னாளில் செருகிய மலிவு மரத்தையும்தான் தின்னும்.

முக்காலிக்கு வருகிறேன். அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்முகம் சில்லென்று ஆகும். காற்றில் ஈரம் தளும்பும் நாளில் அந்தக் குளிர்ச்சிக்குக் காற்றின் ஈரம் பனித்துளிபோல் பூச்சுக்குள் இறங்கிவிடும். அதுதான் வெள்ளை. பூச்சு கெட்டுவிடவில்லை, சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாளில், காலை பத்து மணிக்கு மேல், பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் கொஞ்சமே கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, நிற்காமல் வேகமாக ஒரு இழு இழுங்கள். மேல்பூச்சு லேசாக இளகி, மாட்டிய ஈரம் வெளியேறிவிடும். மார்கழியில் பாலிஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் பத்துக்கும் மூன்றுக்கும் இடையில் போடுங்கள். விடியற்காலைப் பனியிலும் விளக்கு வைத்த பிறகும் பாலிஷ் புட்டியைத் திறக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்து முடிக்க உங்களுக்கு இரண்டு வார இறுதிகள் ஆகும். அதற்குப் பிறகு மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ய எனக்கு மிகவும் பிடித்த வேலை சாணை பிடிப்பது. ஆசைக்கு மரவேலை செய்கிறவர்களில் பலர் மொண்ணை உளியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மரம் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், கடினம் மரத்தில் இல்லை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லின் முகம் அவ்வளவு சமமாக வருவது கண்ணாடி சமமாக இருப்பதால்தான். அதே மாதிரித் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை வாங்கி, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை அதன்மேல் ஒட்டுங்கள். முதலில் 400 நம்பர் தாள், பிறகு 800, 1200, 2000. முதலில் உளியின் முதுகை, முனைக்கு மேலே ஒரு அங்குலம் மட்டும், முகம் தெரியும்வரை தேயுங்கள். ஒரு உளிக்கு ஒரே ஒருமுறை செய்யும் வேலை இது, சலிக்காமல் செய்யுங்கள். பிறகு சரிவுப் பக்கம், 25 பாகை. நுனியில் மட்டும் கையை ஒரு மயிரளவு உயர்த்தி 30 பாகை. முதுகுப் பக்கம் விரலை நுனிக்கு வெளிப்புறமாக ஓட்டினால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அது நுனியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இடைவெளி இல்லாமல் தட்டுப்பட்டால்தான் சரிவு நுனியைத் தொட்டிருக்கிறது. ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மறுபடி தேயுங்கள். அதன்பின் முதுகைக் கண்ணாடிமேல் ஒட்டிய தாளில் படியவைத்து இரண்டே இழுப்பு, பிசிர் போய்விடும். வேப்பங்கட்டையின் தலைமுகத்தில், அதாவது நார் முடியும் முகத்தில், உளியை வைத்துக் கையால் மட்டும் தள்ளுங்கள். பொடியாக உதிர்ந்தால் இன்னும் கூர் வரவில்லை. வெங்காயச் சருகுபோல் ஒரு தோல் எழுந்து, வெட்டிய இடம் மினுங்கினால் வந்துவிட்டது.

கூர் போட்ட இரும்பை மழைக்காலத்தில் அப்படியே வைத்தால் அடுத்த சனிக்கிழமை செம்பொட்டுத் துரு இருக்கும். காற்றின் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும் என்பது பொதுக் கணக்கு, நம் கார்த்திகை அதற்கு வெகு மேலே. துருவை ஆராய்வதையே ஒரு முக்கிய வேலையாகக் கொண்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் நம் காரைக்குடியில்தான் திறக்கப்பட்டது, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும். அந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாம் உளியைத் துருப்பிடிக்க விடலாமா? தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்தால் போதும். பெட்டிக்குள் நாலு சூடத்தைத் துணியில் முடிந்து போடுவது பழைய ஆசாரிமார் வழக்கம், நானும் செய்கிறேன். இழைப்புளியைச் சிமெண்ட் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

புதிதாக ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று கை அரித்தால், சின்னதாக எடுங்கள். என் சிபாரிசு அஞ்சறைப்பெட்டி. எவர்சில்வர் டப்பா வருவதற்கு முன் நம் ஆச்சிமார் அடுப்படியில் இருந்தது மரப்பெட்டிதான். நாலு பக்கச் சட்டம், ஒரு அடிப்பலகை, உள்ளே குறுக்குப் பலகைகள், நகர்த்துகிற மூடி. மரவேலையில் அடிப்படையான அத்தனை பொருத்துகளும் அந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிடும், கட்டை கொஞ்சம்தான் செலவாகும். பூவரசு கிடைத்தால் அதில் செய்யுங்கள், இல்லையென்றால் பலா. சமையல் பொருளுக்கு வேம்பு வேண்டாம், கசப்பு ஏறும். உள்பக்கம் வார்னிஷ் அடிக்காதீர்கள். மஞ்சளும் சீரகமும் தங்கும் இடம் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

இதிலும் மழையை நினைவில் வைக்க வேண்டும். அடிப்பலகையை நாலு சட்டத்தின் காடிக்குள் செருகுவீர்கள் இல்லையா, அதற்குப் பசை போடக்கூடாது, அது அசைய வேண்டும். கோடையில் செய்தால் பலகை சுருங்கிய நிலையில் இருக்கும், அதனால் காடிக்குள் இரண்டு பக்கமும் இடம் விட்டுச் செருக வேண்டும். இப்போது, கார்த்திகையில் செய்தால், பலகை ஏற்கெனவே உப்பி நிற்கிறது. இப்போதும் தாராளமாக இடம் விட்டால் சித்திரையில் ஓரம் காடியை விட்டு வெளியே வந்து மிளகு ஒழுகும். காடியை ஆழமாக எடுத்து, பலகையை ஏறக்குறைய முட்டும்படி விடுங்கள். மூடி மட்டும் இப்போதே தாராளமாக நகர வேண்டும், ஏனென்றால் இதைவிட ஈரமான மாதம் அதற்கு வராது. பசை வைத்து இறுக்கியதை இந்த நாள்களில் ஒரு இரவு முழுக்க அவிழ்க்காதீர்கள், டப்பாவில் என்ன நேரம் போட்டிருந்தாலும் சரி.

மரம் எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. தூண், நிலை, ஜன்னல் எல்லாம் வரும். எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் துக்கமாகத்தான் இருக்கும், ஒவ்வொரு நிலையும் ஒரு வீடு பிரிக்கப்பட்டதன் சாட்சி. முழுத் தூணை வாங்கி அறுத்துப் பெட்டி செய்யாதீர்கள், பாவம். உடைந்த ஜன்னல் சட்டம், பிளந்த பலகை என்று கழித்துப் போட்டது கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். இழைப்பதற்கு முன் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டுங்கள். பழைய மரத்துக்குள் தலை போன ஆணி ஒளிந்திருக்கும், நான் மேலே சொன்ன அத்தனை சாணையும் ஒரே இழுப்பில் போய்விடும்.

என்னிடம் இருக்கும் பலா, 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்றைக்கு ஒரே இரவில் பலாவும் தென்னையும் தோப்புத் தோப்பாக விழுந்தன. ஆலங்குடிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில், விறகுக்குப் போகவிருந்த ஒரு அடிமரத்தைக் கேட்டு வாங்கி, அறுவை மில்லில் ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்துக்கொண்டு வந்தேன். அறுத்த அன்றைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி நிறம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் செங்கல் வைத்து, பலகைக்குப் பலகை முக்கால் அங்குலக் குச்சிகளை ஒரே நேர்கோட்டில் கொடுத்து அடுக்கினேன். தலைமுகங்களுக்குப் பழைய பெயின்ட்டைப் பூசினேன். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது காற்றில் காயவைப்பதற்கான பழைய கணக்கு. நான் இரண்டு வருடம் தொடவில்லை. வெளிறு இருந்த ஓரங்களில் உளுப்பு வராமல் இருக்க, போரிக் ஆசிட் ஒரு பங்கும் போராக்ஸ் ஒன்றரைப் பங்கும் கலந்து வெந்நீரில் கரைத்துப் பூசினேன். அடுக்கிய மறுவருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வார இறுதிகள் எல்லாம் மதுரை ஆஸ்பத்திரியில் கழிந்தன. பலகைகள் திண்ணையில் அப்படியே காத்துக்கொண்டிருந்தன. பிறகு அதிலிருந்து முதலில் செய்தது அம்மா உட்கார ஒரு மணை. இப்போது அந்த மஞ்சள் பழுத்துத் தேன் நிறமாக மாறியிருக்கிறது.

உங்கள் வார இறுதிகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது. மழை இருக்கும் இந்த வாரங்களில் கதவு, நிலையடி, கூரை, இவற்றைப் பார்த்துக் குறிப்பது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அன்றைக்கு உங்கள் வீட்டில் இழை எடுக்கும் நகரத்தார் சடங்கு உண்டு என்றால் பங்காளிகள் வந்து நிறைவார்கள், அதனால் அந்த வாரம் மரத்தூளையும் உளியையும் ஓரம் கட்டிவிட்டு வீட்டாரோடு இருங்கள். அதற்குப் பின் பொங்கல்வரை சாணையும் அஞ்சறைப்பெட்டியும். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும், நிலையோரம் சிமெண்ட் வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் நேரில் நின்று சொல்லுங்கள். போனில் சொன்னால் நடக்காது. தையில் கூரை ஆள். அதே மாதம் நிலையடி சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு மாதம் வெறும் சுவராகவே காய விடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கதவின் நாள் மாசிக் கடைசி அல்லது பங்குனி. அப்போது கதவு தானாகவே லேசாகத் திறக்கும், அதனால் "இனி எதற்கு" என்று தோன்றும். விட்டுவிடாதீர்கள். கார்த்திகையில் போட்ட பென்சில் குறியைத் தேடுங்கள். காரணங்களை எல்லாம் சரிசெய்த பிறகும் இழைக்கத்தான் வேண்டும் என்றால், குறி இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், அதுவும் வெளிப்பக்கம் தெரியாதபடி உள்விளிம்பை லேசாகச் சாய்த்து இழையுங்கள். மேல்முகத்தை இழைக்க நேர்ந்தால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள், ஓரம்வரை ஒரே ஓட்டமாகத் தள்ளினால் சட்டத்தின் மூலை பிய்ந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலமே கதவின் நாலு விளிம்புக்கும், முக்கியமாக அந்த மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை நன்றாக ஊறும்படி தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். மறுநாளும், அடுத்த வாரமும் ஒவ்வொரு தடவை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வளவுக் கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு எடுத்துப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.